முதலாளி கழிப்பறையில் இருந்தபோது

ஒரு பெண் மேடையின் நடுவில் வந்து நிற்க என்ன நடக்க வேண்டும்? தென்கொரியாவின் வொண்டர் கேர்ள்ஸ் குழு 2008 செப்டம்பரில் வெளியிட்ட 'நோபடி' இசைக் காணொளி இதற்கு ஒரு பதில் சொல்கிறது. மேடையேற வேண்டிய ஆண் நட்சத்திரம் கழிப்பறையில் மாட்டிக்கொள்ள வேண்டும். துடைக்கக் காகிதம் இல்லாமல் அவர் உள்ளே தவிக்க, வெளியே கூட்டம் காத்திருக்க, வேறு வழியின்றி அவருக்குப் பின்பாட்டுப் பாடும் ஐந்து பெண்கள் முன்னே தள்ளப்படுகிறார்கள். கைதட்டல் கிடைக்கிறது. நட்சத்திரங்கள் ஆகிறார்கள்.

நகைச்சுவைதானே என்று கடந்துவிடலாம். ஆனால் அந்த ஆண் நட்சத்திரமாக நடித்தவர் வாடகைக்கு வந்த நடிகர் அல்லர், பார்க் ஜின்-யங். குழுவை உருவாக்கிய ஜே.ஒய்.பி. நிறுவனத்தின் நிறுவனர். பாட்டை எழுதியவரும் இசையமைத்தவரும் அவரே. ஐந்து பெண்களின் வெற்றிக் கதையை அவர்களுடைய முதலாளியே எழுதி, அதில் தனக்கும் ஒரு வேடம் வைத்துக்கொண்டார்.

'அவர் தன்னைத்தானே கேலி செய்துகொள்கிறார், அதுவும் தவறா?' என்பார்கள். தன்னைக் கேலி செய்துகொள்வதும் ஒரு சலுகைதான். முதலாளி கழிப்பறையில் அமர்ந்து சிரிக்க வைத்தாலும் முதலாளியாகவே வெளியே வருவார். அந்தப் பெண்களுக்கோ ஒரு கைதட்டல்கூடத் தாளம் தவறக்கூடாது, ஒரு விரல்கூடத் திசை மாறக்கூடாது. பாட்டின் பொருளையும் கவனியுங்கள். உனக்கு வேறு ஒருவன் பொருத்தமாக இருப்பான் என்று விலக்கிவிடும் ஆணிடம், எனக்கு நீதான் வேண்டும் என்று மன்றாடுகிறாள் ஒருத்தி. அவர் இல்லாத மேடையிலும் அவர் எழுதிய மன்றாடலைத்தான் அவர்கள் பாடுகிறார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் அந்த 'ரெட்ரோ'வில் இருக்கிறது. காணொளி தன்னை 1960களில் வைத்துக்கொள்கிறது: மினுக்கும் கவுன்கள், உயர்த்திக் கட்டிய கூந்தல், பழைய ஒலிவாங்கி. அந்தக் காலத்தில் கொரியாவிலிருந்து உண்மையாகவே ஒரு பெண்கள் குழு அமெரிக்கா போனது. கிம் சிஸ்டர்ஸ். அவர்களை உருவாக்கியது ஒரு தாய். 1930களிலேயே புகழ்பெற்றிருந்த பாடகி லீ நான்-யங். கொரியப் போரில் இசையமைப்பாளரான கணவர் வடக்கே கொண்டு செல்லப்பட்டு, குடும்பம் பட்டினியில் நின்றபோது, இரு மகள்களையும் அண்ணன் மகளையும் அமெரிக்கப் படைமுகாம்களில் பாடப் பழக்கினார். ஆங்கிலம் தெரியாத சிறுமிகள் இசைத்தட்டைக் கேட்டுக் கேட்டு ஒலியாகவே மனப்பாடம் செய்தார்கள். கூலியாக வந்த விஸ்கியும் சாக்லேட்டும் கைமாறி உணவானது. 1959இல் லாஸ் வேகாஸ் சென்ற மூவரும் பத்துக்கும் மேற்பட்ட வாத்தியங்களை வாசிக்கக் கற்றவர்கள். எட் சல்லிவன் நிகழ்ச்சியில் இருபது முறைக்கும் மேல் தோன்றினார்கள்.

இந்தத் தாயைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. அவருடைய பயிற்சியும் கண்டிப்பும் கடுமையானவை. ஆனால் வரலாற்றில் போரும் பசியும் படைமுகாமும் ஒரு பெண்ணின் பிடிவாதமும் இருந்த இடத்தில், காணொளி ஓர் ஆணையும் அவருடைய வயிற்றுக் கோளாறையும் வைக்கிறது. கவுன் வந்தது, கூந்தல் அலங்காரம் வந்தது, தாய் மட்டும் வரவில்லை. ரெட்ரோ என்பது கடந்த காலத்தை நினைவுகூர்வது என்கிறார்கள். எதை மறப்பது என்று தேர்ந்தெடுப்பதும் அதுவேதான்.

அந்தக் கவுன்களின் மூலத்துக்கே போவோம். அமெரிக்காவின் மோடவுன் நிறுவனத்துக் கறுப்பினப் பெண்கள் குழுவான சுப்ரீம்ஸை நினைக்காமல் இந்தக் காணொளியைப் பார்க்க முடியாது. அந்தக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஃபுளோரன்ஸ் பல்லார்ட் 1967இல் வெளியேற்றப்பட்டார். சுப்ரீம்ஸில் இருந்தவர் என்று சொல்லி இனி விளம்பரம் செய்துகொள்ளக்கூடாது என்று அவரிடம் எழுதி வாங்கினார்கள். 1976இல், 32 வயதில் இறந்தார். மினுக்கை மட்டும் கடன் வாங்குபவர்கள் இந்தக் கணக்கைப் புரட்டுவதில்லை.

கணக்கு அங்கேயே முடியவும் இல்லை. 'நோபடி' வெளியானபோது ஐவரில் சன்மி, சோஹீ இருவருக்கும் வயது 16. மற்ற மூவரும் இருபதைத் தொடவில்லை. 2009இல் குழு அமெரிக்கா அனுப்பப்பட்டது. ஜோனாஸ் பிரதர்ஸ் மேடைகளில் அவர்கள் வருவதற்கு முன் பாடியது. அந்த அக்டோபரில் பாட்டின் ஆங்கில வடிவம் பில்போர்டு முதல் நூறில் 76ஆம் இடம் பிடித்தது. எந்தக் கொரியக் குழுவும் அதற்கு முன் எட்டாத இடம். மூன்று மாதம் கழித்து, 2010 ஜனவரியில், படிப்பைத் தொடரப்போகிறேன் என்று சன்மி விலகலை அறிவித்தார். அப்போது அவருக்கு 17 வயது. சாதனையைக் கொண்டாடியவர்கள் எத்தனை பேர் இந்த இரண்டு செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்கள்? கலைஞர்களை நிறுவனத்துடன் கட்டிப்போடும் ஒப்பந்தம் ஏழு ஆண்டுக்கு மேல் போகக்கூடாது என்று கொரிய வணிகப் போட்டி ஆணையம் மாதிரி ஒப்பந்தம் வகுத்ததே 2009இல்தான். ஏழு ஆண்டு என்பதே சீர்திருத்தம் என்றால், அதற்கு முந்தைய நிலையை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

ரெட்ரோவே கூடாது என்பது என் வாதமல்ல. இதே குழு 2015இல் 1980களின் ஒலியோடு திரும்பி வந்தது. இம்முறை கையில் வாத்தியங்களோடு. சன்மியும் திரும்பி வந்து பேஸ் கிதார் ஏந்தினார், யூபின் டிரம்ஸ். நடனத்தையும் கவுனையும் விட அந்தக் கோலம்தான் கிம் சிஸ்டர்ஸுக்கு நெருக்கமானது. 2016இல் உறுப்பினர்களின் பங்களிப்பில் உருவான 'வை சோ லோன்லி' முதன்மைப் பாடலானது. அதுவரை குழுவின் முதன்மைப் பாடல்கள் பார்க்கின் பெயரிலேயே வந்தன. தங்கள் பெயரில் ஒரு முதன்மைப் பாட்டு வர ஒன்பது ஆண்டு ஆயிற்று. அடுத்த ஆண்டே குழு கலைந்தது.

'நோபடி' நல்ல பாட்டு. கேளுங்கள், தோழிகளே, ஆடுங்கள். அதைப் பாடி ஆடிய உழைப்பு அந்த ஐவருடையது. அதை ரசிப்பதில் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் கழிப்பறைக் கதவு சாத்தியிருந்ததால்தான் அவர்கள் மேடைக்கு வந்தார்கள் என்ற கதையை மட்டும் நம்பாதீர்கள். அவர்கள் வந்தது பல ஆண்டுப் பயிற்சியால். அவர்களுக்கு முன்னால் விஸ்கிப் புட்டிகளைச் சோறாக்கிய பெண்கள் போட்ட வழியில்.