குடம் நம்முடையது, கையேடு எவருடையது?

நாட்டுவண்டிக்கு உருளி செய்த தமிழ்த் தச்சனுக்கு அதன் உறுப்பு ஒவ்வொன்றும் பெயரோடு தெரியும். நடுவில் இருப்பது குடம். அதிலிருந்து விரிவன ஆரக்கால்கள். அவற்றைச் சூழ்ந்து நிற்பது வட்டை. குடத்தின் ஊடே செல்வது அச்சு. இருசு என்றும் சொல்வர். உருளி கழன்றோடாமல் காப்பது கடையாணி. மேட்டிலும் பள்ளத்திலும் அச்சு முறியக்கூடும் என்றஞ்சிய உப்பு வணிகர், வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றதை ஔவையார் புறநானூற்றின் 102ஆம் பாட்டில் குறிக்கின்றார். அதற்குச் 'சேம அச்சு' என்று பெயர். உதிரி உறுப்புக்கு அன்றே பெயரிட்டு வழங்கிய இனம் இது!

அந்த இனத்துத் தொழிலாளி இன்று குடம் மாற்றும்போது எந்த நிலையில் நிற்கின்றார்?

சமயபுரத்துச் சாலையோரப் பணிமனை ஒன்றில், பச்சைமலைக்குச் சுமையேற்றிச் சென்று திரும்பிய சரக்குந்து ஒன்று நிற்பதாகக் கொள்வோம். நான்கு உருளிகளுக்கும் பொறியின் ஆற்றல் செல்லும் வகை அது. முன்னுருளியில் இரைச்சல், விரைவு கூடக் கூட இரைச்சலும் கூடுகின்றது. ஊர்தியைத் தூக்கி நிறுத்தி உருளியை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தால் ஆடுகின்றது. குடத்துத் தாங்கி தேய்ந்துவிட்டது. பணிமனையில் 'பேரிங்' என்று வழங்குவதே தாங்கி.

இங்கேதான் இடர் ஒளிந்திருக்கின்றது. பழைய அமைப்பில், குடத்தினுள் கூம்புருளைத் தாங்கிகள் இரண்டு எதிரெதிராய் அமர்ந்திருக்கும். அவற்றுக்கு மசகிட்டு, மரையை இறுக்கி, பின் சற்றே தளர்த்தி, உருளி தடையின்றிச் சுழலும் நிலையில் பூட்டுவர். அளவுக்கு மீறி இறுக்கினால் தாங்கி சூடேறிக் கருகிவிடும். ஆகவே, 'இறுக்கியபின் தளர்த்து' என்பதே மூத்த தொழிலாளர் இளையோர்க்குக் கற்பிக்கும் முதற்பாடம். அவ்வமைப்புக்கு அது சரியான பாடமும் ஆகும்.

புதிய ஊர்திகள் பலவற்றிலோ குடமும் தாங்கியும் மூடிய ஒரே தொகுதியாக வருகின்றன. பிரிக்கவும் இயலாது, மசகிடவும் இயலாது, கெட்டால் முழுவதையும் மாற்ற வேண்டும். அத்தொகுதியின் நடுவே இயக்கத் தண்டு நுழைந்து நிற்க, வெளிமுனையில் பெரிய மரை ஒன்று அனைத்தையும் நெருக்கிப் பிடிக்கின்றது. பழைய பாடம் இங்குத் தலைகீழாகின்றது. குறித்த அளவுக்கு அம்மரையை முழுதும் இறுக்க வேண்டும், தளர்த்தவே கூடாது. அவ்வளவு பல ஊர்திகளில் 200 நியூட்டன் மீட்டரைத் தாண்டும். ஒரு மீட்டர் நீளத் தண்டின் முனையில் ஏறத்தாழ 20 கிலோ எடையைத் தொங்கவிட்டாற் போன்ற முறுக்கு அது. ஊர்திக்கு ஊர்தி மாறும் அவ்வளவை முறுக்களவி காட்டும், கைப்பழக்கம் காட்டாது. மரை இறுகுமுன் உருளியைத் தரையிலிறக்கி எடையை ஏற்றினால் புத்தம்புதுத் தாங்கியும் பழுதாகும்.

இந்த வேறுபாட்டைத் தொழிலாளிக்கு யார் சொன்னார்? நிறுவனத்தாரின் பணிமனைக் கையேடு சொல்கின்றது, ஆங்கிலத்தில் சொல்கின்றது! வண்டியை விற்பதற்குச் சுவரெல்லாம் தமிழில் எழுதுகின்றவர்கள், அதைப் பழுதுபார்க்கும் முறையை மட்டும் ஆங்கிலத்தில் பூட்டி வைப்பது என்ன முறை? உருளி கழன்றபின் தொழிலாளியைப் பழிப்பதற்கு மட்டும் எல்லாருக்கும் தமிழ் வந்துவிடுகின்றது.

பூச்சொரிதலின்போதும் சித்திரைத் தேரின்போதும் சமயபுரம் மாரியம்மன் கோயிலுக்கு இரவும் பகலும் மக்கள் சாலையோரமாக நடந்தே வருகின்றனர். கைக்குழந்தையோடு வருவோரும் உளர். அச்சாலையில் ஓடும் ஊர்தியின் முன்னுருளி பிரிந்து உருண்டால் என்ன ஆகும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

தமிழில் சொல் இல்லை என்பார் உளர். குடமும் அச்சும் தாங்கியும் மரையும் சொற்கள் அல்லவா? அறிவு பிறழ்ந்தவனை 'மரை கழன்றவன்' என்று சொல்லும் அளவுக்குப் பட்டறைச் சொல் தமிழ் வழக்கில் ஊன்றியிருக்கின்றதே! தொழிற்பயிற்சி நிலையங்களில் ஊர்திப் பாடம் தமிழிலும் நடக்கின்றது. திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்பு அச்சும் உருளியும் செய்தளித்தது சமயபுரத்துக்கு அண்மையிலுள்ள திருவெறும்பூர் மிகுமின் தொழிலகமே. திருச்சி வட்டாரத் தமிழனின் கைக்கு உருளி நுட்பம் புதிதன்று.

கேட்பது பெருநூலன்று, குடத் தொகுதி வரும் பெட்டிக்குள் ஒரு தாள். எந்த அமைப்புக் குடம், நடுமரையை எவ்வளவு இறுக்க வேண்டும், பழைய மரையை மீண்டும் இடலாமா, உருளியின் விரைவை உணரும் கம்பியை எப்படிக் காப்பது, எத்தனை கிலோமீட்டர் ஓடியபின் உருளி மரைகளை மறுபடி சரிபார்ப்பது என்பவை அதில் தமிழில் இருக்க வேண்டும். உறுப்புக்கு விலை கொடுப்பவர் ஊர்தி உரிமையாளர். கடையில் அத்தாளைக் கேட்டு வாங்கும் வேலையை அவரே தொடங்கட்டும்.