தக்காளிக்கு லைட் போடலாமா?

மாதுங்கா மார்க்கெட்டில் தக்காளி வாங்கும்போதெல்லாம் அந்த ஃபைல் ஞாபகம் வருகிறது. நாராயண்காவ் பக்கத்து விவசாயி ஒருவர் பசுமைக்குடில் கடனுக்கு வந்திருந்தார். எஸ்டிமேட்டில் பெரும்பங்கு எல்இடி விளக்குகள்! யாரோ நெதர்லாந்து போட்டோவைக் காட்டி ஆசை காட்டியிருக்கிறார்கள்.

அங்கே டிசம்பரில் பகல் 8 மணி நேரம்கூட இல்லை. விளக்கு போட்டால்தான் குளிர்காலத்தில் ஒழுங்காகக் காய்க்கும். வெளிச்சம் கூடினால் இலை அதிகம் சர்க்கரை செய்யும், பழமும் இனிக்கும். எல்லாம் சரிதான். ஆனால் நம்மூரில் மழைக்கால மூட்டத்தை விட்டால் வெயிலுக்கா பஞ்சம்? இங்கே எதிரி சூடு. 30 டிகிரியைத் தாண்டினாலே பழத்தைச் சிவப்பாக்கும் லைகோபீன் குறைந்துவிடும், பழம் ஆரஞ்சாகவே நிற்கும். அதற்காகத்தானே நிழல்வலை கட்டுகிறோம்? வலைக்குக் கீழே விளக்கா?

(நான் வெறும் பி.காம். கரண்ட் பில் கணக்கு மட்டும் நன்றாகத் தெரியும்.)

2023 ஜூலையில் மும்பையில் கிலோ நூறைத் தாண்டியது. செப்டம்பரில் மகாராஷ்டிர விவசாயிகள் ரோட்டில் கொட்டினார்கள். இந்த விலையை நம்பித் தவணை கட்ட முடியுமா? விளக்கை எடுத்துவிட்டு, காற்றோட்டத்துக்கும் சொட்டுநீருக்கும் எஸ்டிமேட்டை மாற்றி வாங்கி வரச் சொன்னேன். மனிதர் டீகூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

கனடாவில் இருக்கும் நம்மவர்களே, லீமிங்டன் பசுமைக்குடில் தக்காளியில் ரசம் எப்படி இருக்கிறது?