பெஞ்சும் ஒரு இடம்தான்!



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று மலர்க்குழு நண்பர் கேட்டபோது, கவிதை எழுதலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். நல்லவேளை, உங்களுக்கு அந்தத் தண்டனை இல்லை! சில மாதங்களாக மனசில் கிடந்து உறுத்துகிற ஒரு விஷயத்தையே எழுதுகிறேன்.

நம் பாஸ்கெட்பால் டீமில் இரண்டு வருஷம் முதல் ஐந்து பேரில் ஒருவனாக இறங்கியவன் நான். அதிகப் பாயிண்ட் எடுத்தவனும் நான்தான். (தற்பெருமை இல்லை, ஸ்கோர் ஷீட் சொல்கிறது!) இந்த வருஷம் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கையில் என்னைக் கூப்பிட்டு, "நீ இனிமே பெஞ்சில இருந்து வா" என்று சொல்லிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. என் இடத்தில் ஒரு முதலாமாண்டுத் தம்பி. அன்று ராத்திரியே ஊருக்குப் பஸ் ஏறிவிட்டேன். "என்னலே, உன்னைய ஸ்டெப்னி ஆக்கிட்டாங்களாமே!" என்று ஹாஸ்டலில் ஒருத்தன் சிரித்தது, திசையன்விளை தாண்டி உவரி வரைக்கும் காதில் கேட்டுக்கொண்டே வந்தது.

நட்சத்திர ஆட்டக்காரன் பெஞ்சில் உட்காருவது தியாகமா, தோல்வியா? இரண்டும் இல்லை என்பதுதான் இன்று என் கருத்து. ஆனால் அங்கே வந்து சேர எனக்குக் கொஞ்ச நாள் ஆனது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். அப்பாவுக்குப் பாஸ்கெட்பால் தெரியாது, கடல் தெரியும். எங்கள் கரைப்பக்கம் கரைமடி இழுப்பதைப் பார்த்தவர்களுக்குப் புரியும். கயிற்றின் ஒரு முனை கரையில் இருக்கும். வள்ளம் வலையை விட்டுக்கொண்டே கடலுக்குள் வளைந்து போய், மறுமுனையோடு கரைக்குத் திரும்பும். அப்புறம் இரண்டு பக்கமும் ஆள் நின்று இழுக்க வேண்டும். பார்க்கிறவன் கண்ணெல்லாம் வள்ளத்தின் மேலேதான். கரையில் முதல் முனையைப் பிடித்து நிற்கிறவனை எவன் பார்க்கிறான்? அப்பா கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "கரைக் கயித்த விட்டுட்டா, வள்ளத்துல போனவன் வந்து என்னத்தலே இழுப்பான்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் திரும்பி வந்துவிட்டேன். ஆனாலும் மனசு ஆறவில்லை. என்னைப் போல வேறு யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று தேடினேன். பெரிய பெரிய ஆளெல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள்!

அர்ஜென்டினாவின் மனு ஜினோபிலி. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தன் நாட்டுக்குத் தங்கம் வாங்கித் தந்தவர். அமெரிக்காவின் என்.பி.ஏ.யில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணிக்காக 1057 லீக் ஆட்டங்கள் ஆடினார். அதில் முதல் ஐவரில் ஒருவராக இறங்கியது வெறும் 349-தான்! காரணம் எளிது. டிம் டங்கனும் டோனி பார்க்கரும் ஏற்கெனவே முதல் ஐவரில் இருந்தார்கள். அவர்கள் மூச்சு வாங்க வெளியே வருகிற நேரத்தில் ஸ்கோர் சரியாமல் தாங்க ஒரு ஆள் வேண்டும். பயிற்சியாளர் கிரெக் போபோவிச் அந்த வேலையை இவரிடம் கொடுத்தார். 2007-08 சீசனில் பெரும்பாலும் பெஞ்சிலிருந்து வந்தே சராசரி 19.5 பாயிண்ட். அவர் வாழ்க்கையிலேயே அதுதான் உச்சம். அந்த வருஷம் சிறந்த ஆறாவது ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான். 4 சாம்பியன் பட்டம் வென்று, 2022-ல் பாஸ்கெட்பால் புகழரங்கிலும் இடம்பிடித்தார்.

ஆந்த்ரே இகுடாலா கதை இன்னும் ருசி. தொடர்ந்து 758 ஆட்டங்களில் முதல் ஐவரில் இறங்கிய மனுஷனை, 2014-15 சீசனில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி பெஞ்சில் உட்கார வைத்தது. லீக் முழுக்க ஒரு ஆட்டத்தில்கூட அவர் முதலில் இறங்கவில்லை. இறுதிச் சுற்றில் அணி 1-2 என்று பின்தங்கியபோது, நாலாவது ஆட்டத்தில் முதலிலேயே இறக்கினார்கள். தொடர்ந்து மூன்று வெற்றி. பட்டம் அணிக்கு, இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது இகுடாலாவுக்கு!

பாஸ்கெட்பாலில் ஒரு கருணை உண்டு. வெளியே போனவன் திரும்ப உள்ளே வரலாம். கிரிக்கெட்டில் அதுவும் கிடையாது. பதினோரு பேரில் பெயர் இல்லையென்றால் ஐந்து நாளும் தண்ணீர் பாட்டில்தான். அந்தக் கொடுமையை அனுபவித்தவர் நம் தமிழ்நாட்டின் அஸ்வின். 2021-ல் டெஸ்ட் பந்துவீச்சாளர் தரவரிசையில் உலகின் 2-ஆம் இடம், கையில் 413 விக்கெட். அந்த ஜூலையில் லண்டன் ஓவல் மைதானத்தில் சர்ரே அணிக்காக ஒரே இன்னிங்ஸில் 27 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தார். ஆனால் ஆகஸ்ட், செப்டம்பரில் இந்தியா அங்கே ஆடிய 4 டெஸ்டில் ஒன்றில்கூட அவருக்கு இடமில்லை. நாலு வேகப்பந்து வீச்சாளர்கள், கூட பேட்டிங்கும் செய்கிற ஜடேஜா என்பது அணியின் கணக்கு. அதே ஓவலில் அவர் இல்லாமலே இந்தியா 157 ரன்னில் ஜெயித்தது. கணக்கு சரிதான் என்று வைத்துக்கொள்வோம்.

2023 ஜூனில் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம். மறுபடி அதே ஓவல். இப்போது அஸ்வின் உலகின் நம்பர் 1. அப்போதும் வெளியேதான்! ஆஸ்திரேலியாவிடம் 209 ரன்னில் தோற்றோம். இந்தத் தடவை கணக்கு தப்பு என்று நம் டீக்கடைகளில் பேசாதவர் யார்? அஸ்வின் என்ன செய்தார்? அடுத்த மாதம் டொமினிகாவில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான டெஸ்டில் 12 விக்கெட் எடுத்தார். 2024 டிசம்பரில் சர்வதேச கிரிக்கெட்டிலிருந்து ஓய்வு பெற்றபோது 106 டெஸ்டில் 537 விக்கெட்.

இதில்தான் எனக்கு விடை கிடைத்தது நண்பர்களே! பெஞ்சை ஏற்றுக்கொள்வது என்றால், உட்கார வைத்த முடிவு சரி என்று தலையாட்டுவது இல்லை. முடிவு தப்பாகவும் இருக்கலாம். அதை நேரில் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் கேட்டு முடித்ததும் கையை மடக்கி மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்காரக்கூடாது. அடுத்த நிமிஷம் கூப்பிட்டாலும் இறங்கத் தயாராக இருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

உட்கார்ந்து பார்த்தபோதுதான் சில விஷயம் தெரிந்தது. எதிரணி கார்டு வலது கையில் மட்டும்தான் டிரிபிள் பண்ணுவான், அவர்கள் சென்டர் இரண்டாம் குவார்ட்டரிலேயே மூன்று ஃபவுல் வாங்கிவிட்டான், இன்னும் இரண்டு வாங்கினால் வெளியே. உள்ளே ஓடிக்கொண்டிருந்தவரை இதெல்லாம் என் கண்ணில் பட்டதே இல்லை. அந்தத் தம்பி மூச்சு வாங்க வெளியே வந்தபோது சொன்னேன். "சரிண்ணே" என்று கேட்டுக்கொண்டான். நான் இறங்கினேன்.

கதை சினிமா மாதிரி முடியவில்லை. செமி ஃபைனலில் தோற்றோம். முதலிலேயே என்னை இறக்கியிருந்தால் ஜெயித்திருப்போமோ என்ற எண்ணம் இன்றைக்கும் வருகிறது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் என்னால் தோற்றோம் என்று யாரும் சொல்ல முடியாது. அது எனக்குப் போதும்.

அடுத்த வருஷக் கேப்டனுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உட்கார வைக்கப் போகிறவனிடம் காரணத்தை முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். போபோவிச் ஜினோபிலிக்குக் கொடுத்தது தண்டனை இல்லை, ஒரு வேலை. வேலை கொடுக்காமல் பெஞ்சை மட்டும் கொடுத்துவிட்டு, அதற்குத் தியாகம் என்று பெயர் வைப்பது நியாயமில்லை.

என்னை ஸ்டெப்னி என்ற நண்பனுக்கும் பதில் உண்டு. நாமெல்லாம் மெக்கானிக்கல் படிக்கிறவர்கள்தானே மாப்ள? ராத்திரி பதினோரு மணிக்கு நடுரோட்டில் டயர் வெடித்தால், ஸ்டெப்னி இருக்கா என்று மட்டுமா கேட்பாய்? அதில் காற்று இருக்கா என்றும்தானே பார்ப்பாய்! காற்றை இறங்கவிடாமல் வைத்திருந்தேன். அதுதான் இந்த வருஷம் நான் செய்த வேலை.

உங்கள் அன்பன்,
உவரிக்காரன்
மூன்றாமாண்டு, மெக்கானிக்கல்