கடலோடு போட்டி போட்டுப் பாடலாமா?

பாகூர் கொம்யூனில் கடலை ஒட்டிய ஒரு குப்பத்தில், பாட்டுப் பைத்தியங்களுக்கென்றே ஒரு விடுதி இருக்கிறது. பைத்தியம் என்றதற்குக் கோபிக்காதீர்கள். நானும் அங்கே மூன்று நாள் தங்கியவன்தான். அறைகளுக்கு நம்பர் கிடையாது. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகங்களின் பெயர். சாப்பாடு தயார் என்றால் ஜால்ரா தட்டுவார்கள்!

தங்க வருகிற யாரும் வித்வான் இல்லை. ரிட்டயர்டு பேங்க் மானேஜர், மருந்துக் கடைக்காரர், வில்லியனூர் பக்கத்து டீச்சரம்மா... திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையன்று, பகுள பஞ்சமி காலையில், பஞ்சரத்னக் கீர்த்தனைகளைக் கூட்டமாகப் பாடுகிறார்கள் அல்லவா? அதில் ஒரு மூலையில் உட்கார்ந்து பாடிவிட வேண்டும். அதற்குத்தான் இத்தனை ஒத்திகை. அமெரிக்காவில் க்ளீவ்லண்டில்கூட 1978 முதல் ஆராதனை நடக்கிறது; ஆசை எந்த ஊரில்தான் இல்லை?

"இந்த வயசில் இது தேவையா?" என்று வீட்டில் கேலி செய்கிறார்களாம். தேவைதான் என்பேன். மூச்சை இழுத்து, நிறுத்தி, மெல்ல விடுகிற பயிற்சி பாட்டில் தானாக வந்துவிடுகிறது. நாலு பேரோடு சேர்ந்து பாடியவர் அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்குவதை என் நோயாளிகளிடமே பார்த்திருக்கிறேன்.

ஆனால், வருஷம் முழுக்க வாய் திறக்காமல் இருந்துவிட்டு மூன்றே நாளில் கணக்குத் தீர்க்கப் பார்க்கிறார்களே, அதுதான் வம்பு. அதுவும் மணலில் உட்கார்ந்து! கடற்காற்று தொண்டைக்கு ஆகாது என்பார்கள். பாவம், காற்று என்ன செய்யும்? அலை இரைச்சலில் நம் குரல் நம் காதில் விழாது. நம்மை அறியாமலே கத்துவோம். பக்கத்து வீட்டு மீனவ அம்மா என்னிடமே கேட்டுவிட்டார்: "ஏன் வைத்தியரே, ராத்திரி பூரா என்ன சண்டை அங்கே?"

இன்னொன்று சுருதி. ஒரு கட்டையில் பாடுகிற ஆணும் ஐந்தரைக் கட்டையில் பாடுகிற பெண்ணும் ஒரே சுருதியில் சேரும்போது, யாரோ ஒருவர் தொண்டையைப் பிழிந்தாக வேண்டும். எட்டாத இடத்தில் சும்மா இருந்து தாளம் போடுங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள்.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். அந்த டீச்சரம்மாவுக்குக் குரல் கம்மியிருந்தது. ஒத்திகையின் அசதி என்று நினைத்து, அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னேன். எத்தனை நாளாக என்று கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து வந்தார், கம்மல் அப்படியே. விசாரித்தால், விடுதிக்கு வருவதற்கு முன்பே இரண்டு மாதமாக இருக்கிறதாம்! போதாததற்கு அவருக்கு ரத்தக் கொதிப்பு வேறு. அதிமதுரத்தை நாள் கணக்கில் நிறையச் சாப்பிட்டால் கொதிப்பு ஏறும், பொட்டாசியம் சத்து இறங்கும். நாட்டு மருந்துதானே என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கொடுக்கிற என்னைப் போன்றவர்கள் முதலில் கவனிக்க வேண்டும்.

உடனே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அனுப்பினேன். குரல் நாணில் சின்ன முடிச்சு. நல்லவேளை, புற்று இல்லை. மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் கஷாயம், மிட்டாய் என்று காலம் கடத்தாதீர்கள். குரல்வளையைப் பார்க்கச் சொல்லுங்கள். புகையிலைப் பழக்கம், விழுங்குவதில் சிரமம், சளியில் ரத்தம் என்றால் மூன்று வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

டீச்சரம்மா குரல் பயிற்சி எடுத்துக்கொண்டார். அடுத்த ஆராதனைக்குத் திருவையாறு போனார். ஐந்து கீர்த்தனைக்கும் வாயைத் திறக்கவில்லை, தாளம் மட்டும்தான் போட்டாராம். "அதுவே போதும் ஐயா, அடுத்த வருஷம் பாடுவேன்" என்றார், பழைய குரலில்.