யூனிட், டன், கனமீட்டர்: களத்துக்கு மணல் வாங்கும் கணக்கு

கேள்வி: நெல் காயவைக்க 30 அடி நீளம், 20 அடி அகலத்தில் சிமென்ட் களம் போடப் போகிறோம். பொறியாளர் கனமீட்டரில் எழுதித் தந்திருக்கிறார். எம்-சாண்ட் வியாபாரி யூனிட் என்கிறார். கிரஷரில் டன் என்கிறார்கள். எதை நம்பி வாங்குவது?

– வாசகர், திருப்பருத்திக்குன்றம், காஞ்சிபுரம்.

பதில்: ஒரு யூனிட் என்பது 100 கன அடி. ஒரு கனமீட்டர் 35.31 கன அடி. ஆக, ஒரு யூனிட் 2.83 கனமீட்டர். இவை இரண்டும் கொள்ளளவு. டன் என்பது எடை. அது பொருளுக்குப் பொருள் மாறும், ஈரத்துக்கு ஏற்பவும் மாறும். காய்ந்த எம்-சாண்ட் யூனிட்டுக்கு ஏறக்குறைய நாலரை முதல் 5 டன். முக்கால் அங்குல ஜல்லி 4 முதல் நாலரை டன். கல்குவாரிகளுக்கான அரசுக் கட்டணமே 2025 ஏப்ரலில் கனமீட்டரிலிருந்து டன்னுக்கு மாறிவிட்டதால், டன் கணக்கைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இனி களம். கனம் 4 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். 4 அங்குலம் 0.4 அடி அல்ல, அடியில் மூன்றில் ஒரு பங்கு. 30 x 20 = 600 சதுர அடி; அதில் மூன்றில் ஒரு பங்கு 200 கன அடி, அதாவது 5.66 கனமீட்டர். 0.4 என்று போட்டால் 240 வந்துவிடும். 40 கன அடிக்கு வீண் செலவு.

போட்ட கான்கிரீட் 200 கன அடி என்றால், கலக்குமுன் காய்ந்த பொருள் சுமார் ஒன்றரை மடங்கு (1.54) வேண்டும்: 308 கன அடி. 1:2:4 கலவைக்கு சிமென்ட் 44, மணல் 88, ஜல்லி 176 கன அடி. 50 கிலோ சிமென்ட் மூட்டை ஏறக்குறைய ஒன்றேகால் கன அடி என்பதால் 36 மூட்டை போதும். மணல் ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு, ஜல்லி ஒன்றேமுக்கால் யூனிட். சேதாரத்துக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

லாரி வந்ததும் டேப்பை எடுங்கள். தொட்டியின் உள்ளளவுதான் கணக்கு. நீளம் 12, அகலம் 7, சரக்கின் உயரம் இரண்டரை அடி என்றால் 210 கன அடி, 2.1 யூனிட். உயரம் அரை அடி குறைந்தால் 168தான். நடுவில் குவித்து ஓரத்தில் பள்ளமாக இருப்பதும் உண்டு. சமன் செய்யச் சொல்லிவிட்டு அளக்க வேண்டும்.

அளவு சரியாக இருந்தும் ஏமாற்றம் வரக்கூடிய இடம் ஈரம். லேசாக ஈரமான மணலில் துகளைச் சுற்றி நீர்ப்படலம் படிந்து, துகள்கள் விலகி நிற்கும், மணல் உப்பிவிடும். 5 சதவீத ஈரத்தில் நைஸ் மணல் 20 முதல் 30 சதவீதம் வரை உப்பலாம். முழுக்க நனைந்தால் பழைய அளவுக்கே இறங்கிவிடும். இதை வீட்டிலேயே பார்க்கலாம். மேலும் கீழும் ஒரே அகலமுள்ள டின்னில் 12 அங்குலம் ஈர மணலை அழுத்தாமல் போட்டு, மணல் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றிக் கிளறி, படிய விடுங்கள். மணல் 10 அங்குலத்துக்கு இறங்கினால், 100 கன அடி என்று வாங்கியதில் உண்மையான மணல் 83தான். யூனிட் கணக்கில் வாங்கினால் காற்றுக்கும் பணம் போகிறது.

எடைக்கு வாங்கினால் தண்ணீருக்குப் பணம் போகும், ஆனால் அது குறைவு: 5 டன்னில் 5 சதவீதம் என்றால் கால் டன். ஆகவே மழைக்காலத்தில் எம்-சாண்டை எடைக்கு வாங்குவதே லாபம். எடை மேடையில் காலி வண்டியின் எடையும் சரக்கோடு உள்ள எடையும் ஒரே நாளில் போட்ட சீட்டாக இருக்கட்டும்.

கலக்கும்போதும் இதே கணக்கு வரும். மேஸ்திரி சட்டி எண்ணிப் போட்டால், ஒரு சட்டி குவியலாகவும் மறு சட்டி தட்டையாகவும் விழும். ஓரடி நீளம், ஓரடி அகலம், 15 அங்குல உயரத்தில் ஒரு பலகைப் பெட்டி அடித்துவிட்டால் ஒரு பெட்டி ஒரு மூட்டை சிமென்டுக்குச் சமம். மூட்டைக்கு 2 பெட்டி மணல், 4 பெட்டி ஜல்லி. மணல் ஈரமாக இருந்தால், டின் சோதனையில் இறங்கிய அளவுக்கு ஏற்ப மணலை மட்டும் கூட்டிப் போட வேண்டும்.