நாய்க்கு உரிமம் வருகிறது. சேரித் தெருவுக்கு என்ன வரும்?

தெருநாய் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், அங்கிருந்து உள்ளாட்சி அலுவலகங்களுக்குத் திரும்பி வந்திருக்கிறது. 2025 ஆகஸ்ட் 11 அன்று, தில்லி வட்டாரத்துத் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது நீதிமன்றம். ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியது. கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் மட்டும் விடப்படக் கூடாது என்றது. வழக்கை நாடு முழுமைக்கும் விரித்தது. நவம்பர் 7 அன்று, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களின் நாய்களைக் காப்பகத்துக்குக் கொண்டுபோக வேண்டும், மறுபடி அங்கே விடக் கூடாது என்று உத்தரவிட்டது.

இதற்கிடையில் சென்னை மாநகராட்சி, வீட்டு நாய்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. கட்டணம் 50 ரூபாய். உரிமம் இல்லையென்றால் அபராதம் 5,000 ரூபாய். சென்னையில் தொடங்கும் விதி, நாளடைவில் ஆரணி போன்ற நகராட்சிகளுக்கும், சுற்றியுள்ள ஊராட்சிகளுக்கும் வரக்கூடும். வருமுன் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன.

விதி தேவையா என்றால், தேவைதான். தமிழ்நாட்டில் 2024இல் சுமார் 4.8 லட்சம் பேரை நாய் கடித்ததாகவும், 43 பேர் ரேபிஸ் நோயால் இறந்ததாகவும் அரசின் கணக்கு சொல்கிறது. ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. உலக அளவில் இந்த நோய்க்குப் பலியாவோரில் பெரும்பாலோர் கிராமப்புற ஏழைகள். கடிபடுவோரில் 10க்கு 4 பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆரணியில் விடியுமுன் தெருவில் இறங்குகிறவர்கள் யார்? பாவு நீட்டும் நெசவாளர்கள், அரிசி ஆலைக்குப் போகும் கூலித் தொழிலாளர்கள், குப்பை வண்டி தள்ளும் தூய்மைப் பணியாளர்கள். காரில் போகிறவரை நாய் துரத்தும். நடந்து போகிறவரைத்தான் கடிக்கும்.

நாய்க்கும் சாதி பார்த்த நாடு

நாய் பற்றிய ஊர்க்கட்டுப்பாடு நமக்குப் புதியதல்ல. சண்டாளர் ஊருக்கு வெளியே குடியிருக்க வேண்டும், நாயும் கழுதையுமே அவர்கள் செல்வம் என்று மனுஸ்மிருதியின் 10ஆம் அத்தியாயம் எழுதி வைத்தது. அதே மனப்பான்மை நாய் வளர்ப்பதிலும் புகுந்தது. தென்மாவட்டங்களின் சில ஊர்களில் தலித் குடும்பங்கள் ஆண் நாய் வளர்க்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்ததைத் தீண்டாமை பற்றிய கள ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. அந்த நாய் ஊர்த்தெருப் பெண் நாயோடு சேர்ந்துவிடக் கூடாதாம்!

2010இல் மத்தியப் பிரதேசத்தின் மொரேனா மாவட்டத்தில், ஆதிக்க சாதிக்காரர் ஒருவரின் நாய்க்குத் தலித் பெண் ஒருவர் மிச்ச ரொட்டியைப் போட்டார். நாய் தீட்டாகிவிட்டது என்று உரிமையாளர் அதைக் கைவிட்டார். கூடிய பஞ்சாயத்து, அந்தப் பெண்ணுக்கு 15,000 ரூபாய் அபராதம் விதித்தது. நாயை முன்வைத்து எழுதப்படும் விதி கடைசியில் யார் தலையில் விடியும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

இன்றைய சட்டம் சாதி சொல்வதில்லை. ஆனால் சுற்றுச்சுவரும் கேட்டும் உள்ள வீட்டை மனதில் வைத்தே உரிம விதிகள் எழுதப்படுகின்றன. அந்த வீட்டில் நாய்க்கு ஒரே உரிமையாளர். கழுத்தில் பட்டை, கையில் தடுப்பூசிச் சான்று. நம் குடியிருப்பில் நிலைமை வேறு. ஒரே நாய்க்கு ஐந்து வீட்டில் சோறு. ஆட்டுப்பட்டிக்கும் கோழிக்கூண்டுக்கும் இரவில் அதுவே காவல். அதிகாரி வந்து ‘இது யார் நாய்?’ என்றால், சோறு போடும் பாட்டி உரிமையாளர் ஆகிவிடுவாரா? 50 ரூபாய் கட்டணம் பெரிதல்ல. அதைப் போல நூறு மடங்கு அபராதம் என்பது கூலிக் குடும்பத்துக்குப் பல நாள் வருமானம்.

இதற்கு 2023ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளிலேயே பதில் இருக்கிறது. யாரும் உரிமை கோராமல் ஒரு பகுதியில் பிறந்து வளரும் நாயை அந்த விதிகள் சமூக விலங்கு என்று வகைப்படுத்துகின்றன. அதற்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்யும் பொறுப்பு உள்ளாட்சியுடையது. நகராட்சியும் உள்ளாட்சிதான், ஊராட்சியும் உள்ளாட்சிதான். ஆகவே குடியிருப்பு நாய்களைச் சமூக நாய்களாகப் பதிவு செய்து, இலவசமாக ஊசி போட வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது.

பிடித்த நாயை எங்கே விடுகிறார்கள்?

அதே விதிகளின்படி, கருத்தடை செய்த நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். அடையாளத்துக்கு அதன் காதில் சிறு வெட்டு இருக்கும். இந்த வெட்டை நம் பிள்ளைகள் கவனிக்கப் பழக வேண்டும். இதுவரை தெருவில் பார்த்திராத, காது வெட்டிய நாய்கள் திடீரென்று நாலைந்து திரிந்தால், வேறெங்கோ பிடித்தவற்றை நம் எல்லையில் இறக்கிவிட்டார்களா என்று எழுத்து மூலம் கேட்கலாம்.

இதைவிடப் பெரிய கேள்வி, காப்பகம் எங்கே வரும் என்பது. பள்ளியிலும் பேருந்து நிலையத்திலும் பிடிக்கும் நாய்களை வைக்க இடம் வேண்டும். குப்பைக் கிடங்கு, கழிவுநீர்க் குட்டை, அறுவைக்கூடம் என்று ஊருக்கு வேண்டாதவை பல இடங்களில் எங்கே போய்ச் சேர்ந்தன என்பது நமக்குத் தெரியும். கறிக்கழிவும் சோற்று மிச்சமும் குவியும் இடத்தில்தான் நாய்க்கூட்டம் பெருகுகிறது. கிடங்கைச் சேரிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சேரியில் நாய் அதிகம் என்று சொல்வது நியாயமா? இப்போது காப்பகத்தையும் அங்கேயே கொண்டுவந்தால், குரைப்பும் நாற்றமும் பயமும் ஒரே மக்களுக்கு. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் அந்த மக்களின் கருத்தைக் கேட்டாக வேண்டும்.

நாயைப் பிடிப்பவரின் நிலையையும் பேச வேண்டும். செத்த நாயை அப்புறப்படுத்துவதும், பெரும்பாலும், தலித் தொழிலாளர்கள் தலையில் விழும் வேலை. நாய்களோடு புழங்கும் தொழிலில் இருப்பவர்களுக்குக் கடிபடும் முன்பே தடுப்பூசி போட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒப்பந்தத் தொழிலாளி என்று சொல்லி அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஊசியும் கையுறையும் இல்லாமல் யாரையும் இந்த வேலைக்கு அனுப்பக் கூடாது.

சொந்தக்காரர் உள்ள நாய்

2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வைலர் நாய்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. அவள் அந்தப் பூங்காவின் காவலாளி மகள். பூங்காதான் அவர்களுக்கு வீடும். நாயின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். அவை தெருநாய்கள் அல்ல என்பதை மறக்கக் கூடாது. உரிமம் என்ற ஏற்பாடு முதலில் பாய வேண்டியது இத்தகைய உரிமையாளர்கள் மீதுதான்.

கிராமத்தில் தோப்புக்கும் பம்புசெட்டுக்கும் காவலாக அவிழ்த்துவிடும் நாய்க்கும் இது பொருந்தும். வேலைக்குப் போகும் வழியில், சுடுகாட்டுப் பாதையில் அந்த நாய் கடித்தால், ‘நீ ஏன் அந்தப் பக்கம் போனாய்?’ என்பதுதான் வழக்கமான பதில். ஆனால் தன் வசமுள்ள விலங்கால் மனிதருக்கு ஆபத்து நேராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. காவல் நிலையத்தில் புகார் எழுதும்போது இந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள். மருத்துவமனைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

கடித்துவிட்டால் முதல் வேலை, காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுவது. சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தோலுக்குள் போடும் ஊசி 4 தவணை: முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாட்களில். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேண்டும். அது இருக்கும் மருத்துவமனைக்கு அன்றே போக வேண்டும். கூலி போகிறதே என்று கடைசித் தவணையை விடுவது உயிரைப் பணயம் வைப்பதாகும்.

நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் ரேபிஸ் பரவுவது நின்றுபோகும் என்பது உலக அனுபவம். நம் தெருவில் எத்தனை நாய், எத்தனைக்குக் காதில் வெட்டு இருக்கிறது என்று கல்லூரி மாணவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எண்ணிவிடலாம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 முறை கிராம சபை கூடுகிறது. அந்தக் கணக்கோடு போய் நான்கு தீர்மானங்களைக் கேட்போம்: குடியிருப்பு நாய்களுக்கு வீதியிலேயே இலவச ஊசி, சோறு போடுகிறவருக்கு அபராதம் இல்லை, காப்பகத்துக்கு இடம் பார்க்கும் முன் அந்தப் பகுதி மக்களிடம் கருத்துக் கேட்பு, பிடிப்பவருக்கும் அள்ளுகிறவருக்கும் முன்கூட்டியே தடுப்பூசி. தீர்மானப் புத்தகத்தில் இவை ஏறிய பிறகே கையெழுத்துப் போடுவோம்.