ஐந்து நட்சத்திரமும் அடுப்படித் தொழிலாளியும்

திருச்சி தில்லைநகர்ப் பக்கம் ஒருநாள் சாயங்காலம் போய்ப் பாருங்கள். கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று, வண்ண விளக்கு! உள்ளே பீட்சாவும் பிட்டா ரொட்டியும் வியாபாரம் ஆகின்றன.

பீட்சா என்பது என்ன? மாவைப் புளிக்கவைத்துத் தட்டி, மேலே தக்காளிக் கூழும் பாலாடைக்கட்டியும் பரப்பி, அடுப்பில் சுட்டெடுக்கும் ரொட்டி. பிட்டா என்பது என்ன? நம் வீட்டுப் பிள்ளைகள் திருச்சியிலே விமானம் ஏறி வளைகுடா நாடுகளுக்குப் போய், கூலிக் கொட்டடியில் உட்கார்ந்து குப்பூஸ் என்று தின்கிறார்களே, அதன் உடன்பிறந்த ரொட்டி.

அந்நியப் பண்டம் என்று பழிப்பதற்காக இதை எழுதவில்லை. இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்து ஏழை ஜனங்கள் தெருவிலே வாங்கித் தின்று பசியாறிய பண்டம்தான் பீட்சா. ஏழை கண்டுபிடித்த ரொட்டியை ஏழை தின்பதில் என்ன தவறு? ஆலைத் தொழிலாளியின் பிள்ளையும் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து ருசித்துச் சாப்பிடட்டும்! நமது கேள்வி வேறு.

சாப்பிட்டு முடித்ததும் ஜனங்கள் கைபேசியை எடுத்துக் கடைக்கு நட்சத்திரம் போடுகிறார்கள். ஒன்றிலிருந்து ஐந்து வரை. "ருசி பரவாயில்லை. பிட்டா ஆறிப்போயிருந்தது. இருபது நிமிஷம் காக்க வைத்தார்கள். சப்ளையர் முகத்தில் சிரிப்பே இல்லை. இரண்டு நட்சத்திரம்." இதற்கு வாடிக்கையாளர் அனுபவம் என்று பெயர்.

அந்த நட்சத்திரம் யார் தலையில் விழுகிறது? தோழர்களே, அதுதான் கேள்வி!

பையன் சொன்னது

உறவுக்காரர் ஒருவர் அழைத்ததால் அப்படிப்பட்ட ஒரு கடைக்கு நானும் போயிருந்தேன். இரவு பத்தரை மணி. பரிமாறிய பையன் லால்குடிப் பக்கத்துக் கிராமத்தான். தகப்பனார் விவசாயக் கூலி. பில்லை வைத்துவிட்டுத் தயங்கி நின்றான்.

"அண்ணே, சாப்பாடு பிடிச்சிருந்தா அஞ்சு ஸ்டார் போடுங்கண்ணே. என் பேரையும் சேர்த்து எழுதுங்க."

"எதுக்குத் தம்பி?"

"ஒரு ஸ்டார், ரெண்டு ஸ்டார் வந்தா மறுநாள் எங்களைத்தான் நிக்க வச்சுக் கேக்குறாங்க."

"வேலைக்கு எப்ப வந்தே?"

"காலையில பத்து மணிக்கு."

"நடுவுல உட்கார்ந்தியா?"

"சோறு திங்கறப்ப உட்கார்ந்தேண்ணே."

பன்னிரண்டரை மணி நேரம்! இதற்குப் பிறகும் மேஜை துடைக்க வேண்டும், தரை கழுவ வேண்டும், ஷட்டரை இறக்க வேண்டும். முகத்தில் சிரிப்பில்லை என்று எழுதுகிற புண்ணியவானே, அந்த நேரத்தில் உன் முகத்தில் சிரிப்பு இருக்குமா?

சாட்டை யார் கையில்?

பிட்டா ஏன் ஆறிப்போயிற்று? நாலு பேர் நிற்கவேண்டிய இடத்தில் இரண்டு பேரை நிறுத்தினால் ஆறாமல் என்ன செய்யும்? இருபது நிமிஷம் ஏன் ஆயிற்று? ஒரே ஆள் மாவும் தட்டி, அடுப்பும் பார்த்து, பெட்டியும் கட்டினால் ஆகாமல் என்ன செய்யும்? ஆளைக் குறைத்தது முதலாளி. மிச்சமான கூலி போன இடம் முதலாளியின் கல்லா. கெட்ட பெயரோ தொழிலாளிக்கு!

விறகடுப்பில் பீட்சா வேகும் சூடு 400 பாகையைத் தாண்டும். ஒன்றரை நிமிஷத்தில் ரொட்டி வெந்துவிடுகிறது. அதன் வாயில் நாள் முழுதும் நிற்கிற மனிதன் வேகமாட்டானா? திருச்சி வெயிலைப் பற்றித் திருச்சிக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குளிர்ந்த காற்று மேஜைப் பக்கம். அனல் அடுப்புப் பக்கம். நடுவில் ஒரே ஒரு சுவர்!

முன்பெல்லாம் மேஸ்திரி பக்கத்தில் நின்று விரட்டினான். இப்போது மேஸ்திரிக்குச் சம்பளம் மிச்சம். வாடிக்கையாளனே காசும் கொடுத்து, விரட்டும் வேலையையும் இலவசமாகச் செய்து தருகிறான். அந்த வாடிக்கையாளன் யார்? பாதிப் பேர் நம்மைப் போல் எங்கோ ஓரிடத்தில் கூலிக்கு உழைப்பவர்கள்தான். உழைப்பவன் கையில் சாட்டையைக் கொடுத்து உழைப்பவனையே அடிக்க வைக்கும் தந்திரம் இது!

இந்த மேஜை யார் போட்டது?

வாடிக்கையாளன் என்று நிமிர்ந்து உட்காருகிறோமே, இந்த உரிமை வானத்திலிருந்து விழுந்ததா?

தென்னிந்திய ரயில்வேக்குத் தலைமையிடமாக இருந்த ஊர் திருச்சி. அந்த ரயில்வேயின் நிலையங்களில் பிராமணாளுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்று பிரித்துச் சோறு போட்ட காலம் உண்டு. தண்டவாளம் போட்டவன், எஞ்சினுக்குக் கரி தள்ளியவன், அவன் ஓட்டிய ரயிலின் நிலையத்திலேயே தள்ளி உட்கார வேண்டும்! எதிர்ப்பு வலுத்து, 1941இல்தான் அந்தப் பேதம் ஒழிந்தது. 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டல் பலகையிலிருந்த "பிராமணாள்" என்ற சொல்லை அகற்றப் பெரியார் தலைமையில் மாதக்கணக்கில் மறியல் நடந்தது. நூற்றுக்கணக்கில் ஜனங்கள் சிறை போனார்கள். 2012இல் ஸ்ரீரங்கத்திலேயே ஓர் ஓட்டல் பலகையில் அதே சொல் முளைத்தது. மறுபடியும் கண்டனக் கூட்டம் போட வேண்டி வந்தது.

ஓட்டலிலும் கடையிலும் தீண்டாமை பார்ப்பது குற்றம், அங்குள்ள பாத்திரத்தை ஒருவனுக்கு மறுப்பது குற்றம் என்று 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் சொல்லிற்று. சொல்லி என்ன? அதற்குப் பிறகும் கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை ஒழியவில்லை. சேரித் தோழனுக்கு வேறு கிளாஸ், கழுவி வைக்க வேண்டியதும் அவனே! விவசாயத் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டுமா? அவனுடைய "வாடிக்கையாளர் அனுபவம்" எத்தனை நட்சத்திரம் பெறும்?

ஆக, யாரும் எங்கும் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடலாம் என்பது முதலாளி தந்த தருமம் அல்ல. மறியல் செய்தவன், சிறை போனவன் வாங்கித் தந்த உரிமை! மேஜைக்கு இந்தப் பக்கம் பாதிப் போராட்டம் ஜெயித்திருக்கிறது. அந்தப் பக்கம், அடுப்படியில், இன்னும் தொடங்கவே இல்லை.

சட்டம் எங்கே?

சாப்பிட்டவன் குறை சொல்ல 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உணவு கெட்டிருந்தால் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நல்லது, இருக்கட்டும். சமைத்தவன் குறையை யார் கேட்பது?

ஓட்டல் தொழிலாளிக்கென்றே 1958இல் இந்த ராஜ்யத்தில் தனிச் சட்டம் போட்டார்கள். வாரத்துக்கு 48 மணி வேலை, வாரம் ஒருநாள் ஓய்வு என்று எழுதினார்கள். அந்தப் பையனுக்கு ஆறு நாள் வேலை என்றே வைத்துக்கொள்வோம். பன்னிரண்டரையை ஆறால் பெருக்குங்கள். 75 மணி! சட்டம் அலமாரியில் தூங்குகிறது, பையன் தூங்கவில்லை.

முதலாளி என்ன சொல்வார்? "வாடகை ஏறிவிட்டது. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் கம்பெனிக்காரன் கமிஷன் பிடிக்கிறான். நான் சின்னக் கடைக்காரன்." உண்மையாகவே இருக்கட்டும். கமிஷன் கொள்ளையை எதிர்த்து அவர் கிளம்பினால் நாமும் துணை நிற்கிறோம். ஆனால் மேலேயிருந்து விழும் பாரத்தைப் பையன் முதுகில் இறக்காதே என்கிறோம்!

உலகத்தைப் பாருங்கள்

முப்பது நிமிஷத்தில் பீட்சா வரும் என்று அமெரிக்காவில் டாமினோஸ் கம்பெனி வாக்குறுதி கொடுத்திருந்தது. நிமிஷத்தை எண்ணிக்கொண்டு பறந்த வண்டிகள் விபத்தில் சிக்கின. கோர்ட்டிலே பெருந்தொகை நஷ்ட ஈடு தீர்ப்பானதும், 1993இல் வாக்குறுதியைக் கைவிட்டது. தின்பவனின் அவசரத்துக்கு விலை கொடுத்தது தெருவிலே போன உயிர்கள்!

அதே அமெரிக்காவில் 2012 நவம்பரில் நியூயார்க் நகரத்துத் துரித உணவுக் கடைத் தொழிலாளர்கள் மணிக்கு 15 டாலர் கூலியும் சங்க உரிமையும் கேட்டு வேலையை நிறுத்தித் தெருவுக்கு வந்தார்கள். ஊர் சிரித்தது. போராட்டம் பரவியது. 2024 ஏப்ரலில் கலிபோர்னியா ராஜ்யத்தில் பெரிய துரித உணவுக் கம்பெனிகளின் தொழிலாளிக்கு மணிக்கு 20 டாலர் சட்டமாயிற்று. நட்சத்திரம் எண்ணியா இது கிடைத்தது? சங்கம் கட்டிப் போராடியதால் கிடைத்தது!

நாம் என்ன செய்வது?

தோழர்களே! சாப்பிடப் போங்கள். நன்றாகச் சாப்பிடுங்கள். ஆனால் நாக்கை மட்டும் நீதிபதியாக உட்கார வைக்காதீர்கள். தம்பி, எத்தனை மணிக்கு வந்தாய்? வார லீவு உண்டா? உட்கார நாற்காலி உண்டா? இந்த மூன்றையும் கேளுங்கள். தாமதமானால் பையன் பெயரைப் போட்டு ஒற்றை நட்சத்திரம் குத்தாதீர்கள். "ஆள் போதாது, இன்னும் நாலு பேருக்கு வேலை கொடு" என்று முதலாளிக்கு எழுதுங்கள்.

ஓட்டல் தோழர்களே! பக்கத்தில் நின்று மாவு பிசைகிற பீகாரியும் ஒரியாக்காரனும் உங்களுக்குப் போட்டியல்ல, பங்காளி. பாஷை வேறு, அனல் ஒன்றுதான். கைகோத்துச் சங்கம் வையுங்கள்.

1946 செப்டம்பர் 5இல் பொன்மலைச் சங்கத் திடலில் ஐந்து தொழிலாளர்கள் குண்டடிபட்டு மாண்ட மண் இது. அந்த மண்ணில் ஒரு பையன், "என் பேரை எழுதுங்கண்ணே" என்று பில்லோடு கெஞ்சி நிற்பதா?

48 மணி வேலை! வாரம் ஒருநாள் ஓய்வு! உட்கார நாற்காலி! சட்டப்படி கூலி! இந்த நாலும் உள்ள கடைக்கே நம் ஐந்து நட்சத்திரம்!